நிற்கும் வண்டியில் எலிக் குடித்தனம்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். மனிதர்களுக்கென்று சொன்ன பேச்சு அது. ஆனால் எலிகள் அதை நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கின்றன என்பதை எங்கள் குடும்பம் 2020ஆம் ஆண்டில் தெரிந்துகொண்டது.

கிள்ளானுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அவர் மகன் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்துத் தங்கி ஒரு கடையில் வேலை பார்க்கிறான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய புரோட்டோன் சாகா ஒன்றை வாங்கினான். பிரிக்பீல்ட்சில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரயிலோ கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே காரைத் தோட்டத்து வீட்டிலேயே விட்டுவிட்டு, சனிக்கிழமை மாலையில் கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்கு வருவான். ஞாயிறன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு கோவிலுக்கும் சந்தைக்கும் போய்வருவான். அந்தக் கார் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. அவசரத்திற்கு இருந்த ஒரே துணை.

2020 மார்ச் 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். மகன் பிரிக்பீல்ட்சிலேயே அடைபட்டுப் போனான். கார் தகரக் கொட்டகையில் நின்றது. அரிசி, பருப்பு வாங்க அண்ணன் மோட்டார் சைக்கிளில் போய்வந்தார். காருக்குப் பக்கத்திலேயே கோழித்தீவன மூட்டை. காருக்குள்ளே, பிப்ரவரியில் பத்துமலைத் தைப்பூசத்திற்குப் போய்வந்தபோது பிள்ளைகள் சிந்திய கச்சானும் முறுக்குத் தூளும். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், இரவு இரண்டு மணி. அண்ணிக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. அண்ணன் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். விளக்கு மினுக்கிற்று, இஞ்சின் பிடிக்கவில்லை. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுத் தம்பி தன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார். அண்ணி பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் ரயிலில் மகன் ஓடிவந்தான். அம்மாவைப் பார்த்துவிட்டு, கோபத்தோடு போய் பானெட்டைத் திறந்தான். மூடியின் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு விரிப்பு கந்தல் கந்தலாகக் கிடந்தது. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள்ளே காகிதத் துண்டுகளும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு. அதில் கண் திறக்காத குஞ்சுகள் ஆறு. சுற்றிலும் கடித்துக் குதறிய கம்பிகள்.

பையனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையுறை இல்லை, ஒன்றும் இல்லை. வெறுங்கையால் வாரி எறிந்தான். ஈரக் கந்தலைப் பிடுங்கினான். மிச்சத்தைத் துடைப்பத்தால் தட்டினான். விரலில் இருந்த சிறு வெட்டுக்காயம் அவன் நினைவுக்கே வரவில்லை.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். தலைவலி, கெண்டைக்கால் சதையில் நடக்க முடியாத வலி, கண் சிவப்பு. 'கொரோனாவோ' என்று எல்லாரும் நடுங்கினோம். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்மையில் எலி இருந்த இடத்தைத் தொட்டீர்களா?" இரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. காலத்தோடு மருந்து கொடுத்ததால் பிழைத்தான்.

"அத்தை, கம்பி மாற்ற 600 வெள்ளி செலவு. அது போனால் போகிறது. கூட்டி அள்ளிய கை என்னைக் கொல்லப் பார்த்ததே" என்று பிறகு என்னிடம் சொன்னான். அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எலி ஏன் வண்டியைத் தேடுகிறது?

எலிக்கு வேண்டியவை மூன்று: தீனி, மறைவு, அசைவில்லாத இடம். நிற்கும் வண்டியில் மறைவும் அமைதியும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. தீனியை நாம் பக்கத்தில் வைத்துவிட்டால் குடித்தனம் தொடங்கிவிடும்.

வழி எது என்று கேட்கிறீர்களா? அரை அங்குல ஓட்டை எலிக்குப் போதும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே அதிகம். காருக்கு அடியில் கம்பிகள் நுழையும் துளைகள், காற்று உள்ளே வரும் வழி எல்லாம் அதற்கு வாசல்கள்தாம். டயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது அதற்குப் படிக்கட்டு ஏறுவது போல.

கம்பியைத் தின்பதற்காக அது கடிக்கவில்லை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூடவே முடியாமல் போய்விடும். கம்பி உறை, ரப்பர் குழாய், பிளாஸ்டிக் எது கிடைத்தாலும் கடிக்கும். புதுக் கார்களின் கம்பி உறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி வருகிறது என்று அமெரிக்காவில் சிலர் வழக்கே தொடுத்தார்கள். ஆனால் சோயா வராத காலத்துக் கார்களின் கம்பிகளையும் எலி கடித்துத்தான் வந்தது.

எலியின் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குஞ்சுகள் வரை போடும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சுகளும் ஈனும் பருவத்துக்கு வந்துவிடும். மார்ச் முதல் ஜூன் வரை அசையாமல் நின்ற காரில் ஒரு தலைமுறையே தோன்றிவிட்டதில் வியப்பென்ன?

தோட்டத்திலும் பட்டணத்திலும்

இது நம் வீட்டுக் கதை மட்டும் அன்று. அந்த ஆண்டு உலகமெங்கும் இதே கதைதான். உணவுக்கடைகள் அடைபட்டதால் அவற்றின் குப்பையை நம்பியிருந்த எலிகள் பசியோடு புது இடம் தேடி அலைகின்றன என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2020 மே மாதத்தில் எச்சரித்தது. பிரிக்பீல்ட்ஸ் போல வரிசையாக உணவுக்கடைகளும், அவற்றின் பின்னால் சந்துகளும் சாக்கடைகளும் உள்ள எந்த ஊருக்கும் அது பொருந்தும்.

தோட்டத்துக்கோ வேறு காரணம் உண்டு. 1960களிலிருந்து பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடத் தொடங்கினார்கள். பால்மரத்தில் எலிக்குப் பெரிதாகத் தீனி இல்லை. செம்பனையிலோ குலைகுலையாக எண்ணெய்ப் பழம்! கீழே உதிரிப் பழம்! வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் அதற்கு மாளிகை. எலியைக் கட்டுப்படுத்தாத தோட்டங்களில் எண்ணெய் விளைச்சலில் ஏறத்தாழ 5 விழுக்காடு எலி வயிற்றுக்குப் போய்விடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதிர்ந்த மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும் காலத்தில் வீடு இழந்த எலிகள் எங்கே போகும்? லயத்துக்கும் கொட்டகைக்கும்தான்.

செலவைவிடப் பெரிய ஆபத்து

எலி கடித்த வண்டியில் முதல் ஆபத்து நெருப்பு. உறை போன இரண்டு கம்பிகள் உரசினால் பொறி பறக்கும். பக்கத்தில் காய்ந்த கூடு இருந்தால் கேட்பானேன்! பெட்ரோல் குழாயைக் கடித்திருந்தால் இன்னும் மோசம். பிரேக் குழாயைக் கடித்திருந்தால் அது சாலையில்தான் தெரியவரும். நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். மெக்கானிக்கை அழையுங்கள்.

இரண்டாவது ஆபத்து நோய். எலிக்காய்ச்சல் நமக்குப் புதிது அல்ல. இந்த மண்ணில் மனிதர்களிடம் இந்நோய் இருப்பதை 1925இல் முதன்முதலாக எடுத்துச் சொன்னவர் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர். 1900இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணிபுரிந்தவர் அவர். மருத்துவர்கள் இந்நோயைக் கண்டால் சுகாதார அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2010 டிசம்பரில் மலேசியாவில் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

நோய்க்கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. ஆனால் அது சிறுநீர் கழித்த ஈரத்தை நாம் தொட்டால், தோலில் உள்ள வெட்டு, கீறல் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ கிருமி நம் உடம்புக்குள் புகுந்துவிடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். சிலருக்கு இரண்டு நாளிலும் வரலாம். ஒரு மாதம் கழித்தும் வரலாம். கவனிக்காமல் விட்டால் மஞ்சள் காமாலை வந்து, சிறுநீரகம் கெட்டு உயிருக்கே உலை வைக்கும். தொடக்கத்தில் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும். ஆகவே காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போகும்போது, "எலிக்கூட்டைச் சுத்தம் செய்தேன்" என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள்.

தூசியிலும் ஆபத்து உண்டு. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் ஹண்டா என்னும் நச்சுயிரி பலரைக் கொன்றது. அங்குள்ள ஒருவகைச் சுண்டெலியின் காய்ந்த எச்சமும் சிறுநீரும் தூசியாகப் பறந்து மூச்சில் கலந்ததே காரணம். அந்தச் சுண்டெலி நம் நாட்டில் இல்லை. என்றாலும் அதிலிருந்து உலகம் கற்ற பாடம் நமக்கும் உதவும்: எலிக்கூட்டை உலர்ந்த நிலையில் கூட்டாதே, நனைத்துத் துடை.

சுத்தம் செய்யும் முறை

1. வண்டியை வெயில்படும் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். இஞ்சினை முடுக்க வேண்டாம். கதவுகள், பானெட், பின்பெட்டி எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, அரைமணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிள்ளைகளையும் நெருங்க விடாதீர்கள்.

2. இஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். கழித்தல் குறி உள்ள முனையை முதலில் கழற்றவேண்டும்.

3. ரப்பர் கையுறை, முகக்கவசம், மூடிய காலணி அணிந்துகொள்ளுங்கள். கையில் வெட்டு இருந்தால் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

4. துணி வெளுக்கும் திரவம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்க வேண்டும். வேறு எந்தச் சோப்பு மருந்தையும், புளிக்காடியையும் இதோடு சேர்க்காதீர்கள். நச்சுப் புகை கிளம்பும்.

5. கூட்டின் மேலும் எச்சத்தின் மேலும் அதை நன்றாகத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு காகிதத்தால் வழித்தெடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் சேருங்கள். செத்த எலிக்கும் இதே முறைதான்.

6. வெளுப்புத் திரவம் இரும்பை அரிக்கும். துணி இருக்கையில் கறை விடும். கம்பிகளுக்கும் இருக்கைகளுக்கும் சாதாரணக் கிருமிநாசினியில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

7. கையுறையைக் கழற்றும் முன்பே அதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழற்றிய பிறகு கையையும் கழுவுங்கள். அதன்பின் மெக்கானிக் கம்பிகளையும் குழாய்களையும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வண்டியை முடுக்க வேண்டும். ஏர்கண்டிஷன் வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் காற்றே எலி எச்சத்தை உங்கள் முகத்தில் ஊதிவிடும்.

வராமல் தடுப்பது எப்படி?

வந்த பின் துரத்துவதைவிட வராமல் தடுப்பது எளிது. கோழித்தீவனம், அரிசி, நாய்க்கு வைக்கும் சோறு எதுவும் வண்டிக்கு அருகில் இருக்கக்கூடாது. தீவனத்தை மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள். சாக்குப்பையைக் கடிக்க எலிக்கு ஒரு நிமிடம் ஆகாது. வண்டிக்குள் ஒரு முறுக்குத் துண்டு, ஒரு மிட்டாய்த் தாள்கூட இருக்கவேண்டாம். துடைக்கும் காகிதப் பெட்டியையும் வெளியே எடுத்துவிடுங்கள்; அதுதான் அதற்கு மெத்தை. கொட்டகையைச் சுற்றிப் புல்லையும் மட்டைக் குவியலையும் அப்புறப்படுத்துங்கள்.

வாரம் ஒரு முறையாவது வண்டியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். பேட்டரிக்கும் நல்லது; எலிக்கும் நிம்மதி போகும். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டு நிற்பது மட்டும் வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும். ஓட்ட முடியாத வண்டி என்றால், கொட்டகைக்குள் பானெட்டைத் திறந்து வையுங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

மோட்டார் சைக்கிளுக்கும் இது பொருந்தும். இருக்கைக்கு அடியிலும் காற்று வடிகட்டியிலும் பாருங்கள். புகைக்குழாய் வாயைக் கம்பிவலையால் அடைத்தால், கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள். அடைத்ததை மறந்து முடுக்கிவிடக் கூடாதல்லவா?

பொறி வைப்பதானால் வண்டிக்கு வெளியே, சுவரோரமாக வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாட்டுத் துண்டும் நம் பாட்டிமார் கண்ட இரை. இன்றைக்கும் அதற்கு ஈடில்லை. மிளகாய்க் காரம் ஏற்றிய ஒட்டுநாடாவைக் கம்பிகளில் சுற்ற ஹோண்டா நிறுவனமே விற்பனை செய்கிறது. மிளகாயின் அருமை ஜப்பான்காரனுக்கும் தெரிந்திருக்கிறது! ஆனால் பூச்சி உருண்டையைக் காருக்குள் போட்டுவைக்காதீர்கள். அந்த வாடை எலியை நம்பும்படி விரட்டுவதில்லை. அதைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்குத்தான் கேடு.

விஷமும் ஆந்தையும்

"ஒரு பொட்டலம் விஷம் போதுமே" என்பார் சிலர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை அது. விஷம் தின்ற எலி உடனே சாகாது. காரின் கைக்கெட்டாத மூலைக்குள் புகுந்து செத்து நாறும். கோழியோ, நாயோ, தவழும் குழந்தையோ அந்தப் பொட்டலத்தை எடுத்துவிட்டால் என்ன ஆவது? வார்ஃபரின் என்னும் எலி மருந்து 1948இல் விற்பனைக்கு வந்தது. இரத்தம் உறையாமல் செய்து கொல்வது அதன் வேலை. பத்தே ஆண்டில், 1958இல், அதற்கு அசையாத எலிகள் ஸ்காட்லாந்தில் தோன்றிவிட்டன. அதன்பின் அதைவிடக் கடுமையான விஷங்கள் வந்தன. அவற்றைத் தின்ற எலியை ஆந்தை பிடித்துத் தின்றால் ஆந்தையும் சாகலாம்.

ஆந்தை செத்தால் என்ன என்று எண்ணாதீர்கள். நம் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூகை என்னும் வெண்முக ஆந்தைக்காகக் கட்டிய வீடு அது. ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆந்தை அலறினால் சாவு விழும் என்று அஞ்சி, கல்லெடுத்து எறிந்தவர்கள் நாம். சாவு விழுவது உண்மைதான், ஆனால் எலிக்கு!

அண்ணன் வீட்டுக் கொட்டகையில் இப்போது தீவன மூட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில், கோவிலுக்குப் புறப்படும் முன் அண்ணனே பானெட்டைத் திறந்து, கைவிளக்கு அடித்துப் பார்க்கிறார். அண்ணி சிரிப்பார்: "சாமிக்குக் கற்பூரம் காட்டும் முன்னே காருக்குக் காட்டுகிறார்!" சிரித்தாலும், தன்னை அந்த இரவில் ஏற்றிப்போக முடியாமல் நின்ற கார் அது என்பது அவருக்கும் நினைவில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் நெடுநாள் ஓடாத வண்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பாருங்கள். கூடு இருந்தால் கையை நீட்டாதீர்கள். முதலில் கையுறையைத் தேடுங்கள்.